மடித்த பக்கம்

என் பக்கத்தை மாமி ஒரே ஒரு தடவைதான் மடித்தார். மடித்த இரண்டாவது வாரமே பேச்சு முடிந்து, ஆறு மாதத்தில் கல்யாணமாகி நான் செம்பூருக்குப் போய்விட்டேன். அதனால்தானோ என்னவோ, ஒரு பக்கம் மடிக்கப்படுவதும் பிரிக்கப்படுவதும் அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமலே போனது.

மாமி என்றால் ரத்தச் சொந்தம் இல்லை. மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மாடியில் கோலி என்கிற ஒற்றை அறையில் புர்கா தைக்கிறவர். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு இருக்கும். தாராவி, செம்பூர், தேவ்நார் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாண வயதில் இருப்பவர்களுக்கு அதில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. படிப்பு, வேலை, உயரம், வாப்பாவின் ஊர், உம்மாவின் ஊர் எல்லாம் மாமியின் குண்டு எழுத்தில் இருக்கும். இந்த வேலைக்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காவிட்டால் மட்டும் அந்த வீட்டோடு ஆயுசுக்கும் பேசமாட்டார்.

ஒரு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு தொடங்கிவிட்டால், மாமி இருவர் பக்கத்தின் மேல் மூலையையும் மடித்துவிடுவார். மடித்த பக்கத்தை மூன்றாவது வீட்டுக்குக் காட்டமாட்டார். ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் பேசுவது அவருக்கு அறவே ஆகாது. லேபர் கேம்பில், "உங்க மகளுக்கு ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்கமாட்டார்கள். "மாமி மடிச்சிருக்காவளா?" என்றுதான் கேட்பார்கள்.

மடித்தது சரி, எப்போது பிரிப்பது? அங்கேதான் சிக்கல். பெண் பார்த்துவிட்டுப் போன யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "இன்ஷா அல்லாஹ், யோசிச்சுச் சொல்லுதோம்" என்பார்கள். அதன்பிறகு சத்தமே இருக்காது. போன் செய்து கேட்பது கௌரவக் குறைச்சல். அதனால் மாமி மூன்று வெள்ளிக்கிழமை பொறுப்பார். மூன்றாவது வெள்ளி ஜும்மா தொழுகை முடிந்து, ஆண்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சாயங்காலம் அஸர் பாங்கு சொல்கிறவரை போன் வரவில்லை என்றால் மடிப்பைப் பிரித்து உள்ளங்கையால் நீவிவிடுவார். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லாமல் விஷயம் முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. ரெண்டு மூன்று தடவை மடித்துப் பிரித்த பக்கத்தை அப்படியே விட்டுவைக்கமாட்டார். புதுத் தாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி ஒட்டி, பழையதைக் கிழித்துவிடுவார். ஏன் மாமி இந்த வெட்டி வேலை என்று கேட்டால், "எழுத்து மங்கிப்போச்சுட்டி" என்பார். கையெழுத்து விஷயத்தில் மாமிக்கு ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவள். எந்த ஆபீசுக்குப் போனாலும் என்னை நிலைமாற்றங்களைச் சரிசெய்யத்தான் உட்காரவைப்பார்கள். ஒரு ஆர்டரோ, லீவு விண்ணப்பமோ, எதுவாக இருந்தாலும் அது எப்போதும் ஏதோ ஒரு நிலையில் இருக்கும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், யார் கொண்டுபோகலாம் என்று தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஆளாளுக்கு ஒரு ஆமாம்-இல்லை கட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் ஒரே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவும் இருக்கும், நிராகரிக்கப்பட்டதாகவும் இருக்கும், இன்னும் அனுப்பப்படாததாகவும் இருக்கும். இதைப் பார்த்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும். நேரிலேயே திட்டிவிடுவேன். ஆபீசில் எனக்குச் சிநேகிதிகள் குறைவு.

ஒரு மழைக்காலத்தில் மாமியின் கூரை ஒழுகி நோட்டு நனைந்துபோனது. பக்கங்களை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். என் உம்மா என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல என்னமோ கிழிக்கியே, மாமிக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள். மாமிக்கு அப்ளிகேஷன் செய்கிற எண்ணம் எனக்கு அப்படித்தான் வந்தது.

மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். உண்மையைச் சொன்னால், நான் வேலை பார்த்த எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு சுத்தமான சட்டங்களைப் பார்த்ததில்லை. மூன்றே நிலைகள்தான். திறந்திருக்கிறது, மடித்திருக்கிறது, முடிந்தது. திறந்த பக்கத்தைத்தான் மடிக்கலாம். மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக மடிய வேண்டும், ஒன்று மட்டும் மடிந்து நிற்கக் கூடாது. மூன்றாவது வெள்ளி அஸர் நேரத்தில் தானாகப் பிரிந்துவிட வேண்டும். முடிந்தது என்று மாமியைத் தவிர வேறு யாரும் போட முடியாது. மடித்ததும் பெண் பக்கத்துக்கான லிங்க் மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப்புக்கும், மாப்பிள்ளை பக்கத்துக்கான லிங்க் பெண் வீட்டுக்கும் போகும். மாமிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெரிய பெரிய எழுத்தில் வைத்திருந்தேன். "இது மங்காதுல்லா?" என்று மட்டும் கேட்டார். மங்காது என்றேன்.

மங்காதது மட்டுமில்லை. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. இப்போதைய நிலையை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கக் கூடாது. எப்போது மாறியது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். நான் அதையும் செய்தேன். மாமிக்குத் தெரியாமல் அந்த வரிகள் இரண்டு வருடம் பின்னால் சேர்ந்துகொண்டே இருந்தன.

இப்போது என் கூடப்பிறந்த ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவள். மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் கண் பரிசோதிக்கிற வேலை. எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெரியுதா, அது தெரியுதா என்று பொறுமையாகக் கேட்பாள். எனக்கு இல்லாத பொறுமையெல்லாம் சேர்த்து அவளுக்கு வந்துவிட்டது. நான் கல்யாணமாகிப் போனபோது என் நகைப் பெட்டியை அடுக்கித் தந்தவளும் அவள்தான். தங்கச்சி முந்திக்கொண்டாளே என்று வந்தவர்கள் கேட்டபோது, "அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் பக்கம் மடிந்து மடிந்து பிரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று வெள்ளிக்கிழமையை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து தேவ்நாரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர். பட்டறைக்கு மேலே ஒரே ஒரு கோலி, அதில் அவரும் அவருடைய உம்மாவும். மாமி ரெண்டு பக்கத்தையும் மடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வந்தார்கள். கெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். டீ கிளாஸை எடுக்கக் கையை நீட்டி, முதலில் பக்கத்திலிருந்த பிஸ்கட் தட்டைத் தொட்டார். அவர்கள் போனபிறகு ராத்தாவிடம் எப்படி என்று கேட்டேன்.

"கண்ணாடி நம்பர் தப்பு. பாதிதான் தெரியும் அவியளுக்கு" என்றாள்.

"அது இல்ல ராத்தா, ஆளு எப்படி?"

"அதான் சொன்னேனே" என்று கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, அவள் ஆசைப்பட்டுவிட்டாள்.

அதே வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வேறு ஏதோ ஒரு வீட்டுக்காரர், எங்களை எப்போது மடித்தீர்கள் என்று மாமியிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். மாமிக்குத் தேதி நினைவில்லை. "எனக்கு அதைக் காட்டுற மாதிரி செஞ்சு குடுட்டி" என்றார். வரிகள்தான் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றனவே, பத்து நிமிஷ வேலை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், மடித்த தேதி, பிரித்த தேதி என்று வரிசையாக வரும்படி வைத்தேன். மாமி பார்க்கிற பக்கத்தைத்தான் லிங்க் வழியாக வீட்டார்களும் பார்க்கிறார்கள் என்பது என் புத்தியில் ஏறவில்லை. ஆபீசில் ஒரு புதுப் பையன் இப்படிச் செய்திருந்தால் அவனை அழவைத்திருப்பேன்.

ரெண்டு நாள் கழித்து தேவ்நாரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா மாமிக்குப் போன் செய்தார். "பொண்ணு பக்கத்துல எங்களுக்கு முன்னால அஞ்சு வரி இருக்கே, அஞ்சு எடம் வந்து போயிருக்காவளா?" என்று கேட்டார். மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அது கம்ப்யூட்டர் தப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்குப்பிறகு தேவ்நாரிலிருந்து பேச்சே இல்லை. முதல் வெள்ளி போனது. இரண்டாவது வெள்ளியும் போனபிறகுதான் மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால், கட்டிலில் பழைய நோட்டு திறந்து கிடந்தது.

"நான் ஏன் திரும்பத் திரும்ப எழுதுனேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"எழுத்து மங்கிப்போச்சுன்னு."

"மடிச்ச தடம் போகாதுட்டி. நீவிவிட்டாலும் தெரியும். நோட்டைப் பாக்க வந்தவ ஒருத்தி, என் கண்ணு முன்னாலயே தடத்தை விரலால எண்ணுனா. அன்னைலருந்துதான் புதுசா எழுதுதேன். கம்ப்யூட்டர்ல தடம் விழாதுன்னுல்லா நெனச்சேன்."

அவர் சொல்லாததும் தப்பு, நான் கேட்காததும் தப்பு. ஆனால் என் தப்புதான் பெரியது. அவருடைய சட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியவள், இந்த ஒன்றை மட்டும் கிறுக்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

நேராக ராத்தாவிடம் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. அவள் அழவில்லை. எல்லாம் தெரியும் என்றாள். போனில் அவள் பக்கத்தை அவளும் பார்த்திருக்கிறாள்.

"இப்பவே அழிச்சிருதேன் ராத்தா, ஒன் கண்ணு முன்னாலயே" என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

"நில்லு" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மொதல்ல அவிய பக்கத்தை அழி."

எனக்குப் புரியவில்லை.

"அவிய பக்கத்துல எனக்கு முன்னால ஒம்பது இருக்கு. வரியெல்லாம் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். ஒம்பது வீட்ல டீ குடிச்சுட்டு வந்து, ஒம்பது தடவையும் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கிட்டு இருந்திருக்காவ. அவிய உம்மாவும் கூட இருந்து எண்ணியிருக்கும். எங்கூட முடியுதோ முடியலியோ, இன்னொருத்தி அதை எண்ணக் கூடாது."

அவள் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என் ராத்தாவை அந்த நிமிஷம் நான் நேசித்த அளவுக்கு அதற்குமுன் நேசித்ததில்லை. அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அவள் இவ்வளவு பெரியவள் என்று எனக்குத் தெரியாது.

அவருடைய வரிகளை முதலில் அழித்தேன். பிறகு அவளுடையதை. பிறகு அப்ளிகேஷனில் இருந்த எல்லோருடையதையும். எதற்கும் இருக்கட்டும் என்று தனியாக எடுத்துவைத்திருந்த நகலையும் அழித்தேன். பத்து வருடப் பழக்கத்துக்கு விரோதமான வேலை. இப்போதைய மடிப்புக்கான ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தேன். இனிமேல் ஒரு பக்கம் பிரிந்தால் அதன் வரியும் அப்போதே போய்விடும்படி எழுதினேன். ராத்தா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு மறுபடி வெங்காயம் உரிக்கப் போனாள்.

ராத்தா சொன்னதை அப்படியே மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "ஆட்டோ புடி" என்றார்.

இத்தனை வருடத்தில் மாமி பதில் கேட்டு எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. அது அவருடைய முதல் சட்டம். தேவ்நார் போகிறவரை ஆட்டோவின் பக்கக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே பட்டறையில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். ஏணி ஏறி மேலே போனதும் அவருடைய உம்மா எங்களைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார்.

"வேண்டாம்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? பேசாம இருந்திருந்தாலே நாங்க புரிஞ்சிருப்போமே" என்றார்.

மாமி, "நீங்கதானே அஞ்சு எடமான்னு கேட்டீங்க?" என்றார்.

"ஆமா, கேட்டேன். எம் மவனுக்கு ஒம்பது. அஞ்சு பாத்த பொண்ணு, ஒம்பது பேரு வேண்டாம்னு விட்டவனைக் கட்டுமான்னு கேக்கத்தான் போன் செஞ்சேன். கேட்டு முடிக்கதுக்குள்ள நீங்க போனை வச்சுட்டிய. எங்களைத்தான் புடிக்கலைன்னு நெனச்சு நாங்க பொறுத்துக்கிட்டோம்."

ரெண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்துச் சத்தமில்லாமல் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன. இன்னும் ஆறு நாள் விட்டிருந்தால், என் நிரல் அஸர் நேரத்துக்குச் சரியாக அவர்களைப் பிரித்திருக்கும். ஒரு தப்பும் இல்லாமல், நான் எழுதிய சட்டப்படி.

மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு அந்த ஒம்பதையும் பாத்துட்டா. பாத்துட்டு, அதைத்தான் மொதல்ல அழிக்கணும்னு தங்கச்சிட்ட சொல்லியிருக்கா. தன்னோடதுக்கு முன்னால."

அவருடைய உம்மா தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாமியும் அழுதார். நான் ஏணிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவது வெள்ளி ஜும்மா முடிந்து தேவ்நாரிலிருந்து போன் வந்தது, நேரில் எதுவுமே பேசாத மாதிரி. "எங்களுக்குச் சம்மதம், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்கள். மாமியும் யோசித்துச் சொல்வதாக ஒரு நிமிஷம் பிகு செய்துவிட்டுச் சம்மதம் என்றார். முடிந்தது என்ற பொத்தானை அவரே அழுத்தினார்.

நிக்காஹ் முடிந்த கொஞ்ச நாளில் தேவ்நாருக்கு விருந்துக்குப் போனேன். மச்சான் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நம்பர் சரி பார்த்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. டீ கிளாஸை நேராகக் கை நீட்டி எடுத்தார். ராத்தா உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"அந்த வரியெல்லாம் நெசமாவே அழிச்சுட்டீங்களா? கம்ப்யூட்டர்ல அழிச்சாலும் எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பாங்கன்னு சொல்லுவாவளே."

"நெசமாவே அழிச்சாச்சு மச்சான். நகலும் இல்ல."

"அப்ப எம் பக்கத்துல எத்தனை வரி இருக்கு?"

"ஒண்ணு."

"அவ பக்கத்துல?"

"அதுலயும் ஒண்ணுதான்."

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் மொத எடமே அமைஞ்சுபோச்சு" என்றார்.